அப்கிரேடுக்குப் பின் வீட்டு கேட்வே: பழைய விதிகளைச் சுமப்பதா, புதிதாக எழுதுவதா, பெட்டியையே மாற்றுவதா?

2025 ஆகஸ்டில் டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளப் பதிப்பு வெளியானதிலிருந்து ஒரு கேள்வி எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. "வீட்டு கேட்வேயை அப்கிரேடு செய்தேன். ஃபயர்வால் விதிகள் குழம்பிவிட்டன. பழைய பதிப்புக்கே திரும்பிவிடட்டுமா, விதிகளைத் திருத்தட்டுமா, அல்லது வேறு பெட்டி வாங்கிவிடட்டுமா?"

கேட்பவர்கள் பல தரப்பினர். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை பார்ப்பவர் ஒருவர். அம்மாப்பேட்டையில் விசைத்தறிக் கூடத்தின் கேமராக்களைக் கைபேசியில் பார்ப்பவர் இன்னொருவர். அஸ்தம்பட்டியில் இருந்துகொண்டே ஏற்காட்டுத் தோட்ட வீட்டின் இணையத்தைக் கவனித்துக்கொள்பவர் மற்றொருவர். பெட்டி ஏறக்குறைய ஒன்றுதான்: வீட்டுக்கும் இணையத்துக்கும் நடுவில் கேட்வேயாக நிற்கும், இரண்டு நெட்வொர்க் போர்ட் உள்ள சிறு கணினி, அதில் டெபியன் அல்லது உபுண்டு, எதை அனுமதிப்பது, எதை மறுப்பது என்று எப்போதோ எழுதி அப்படியே விட்ட ஐபிடேபிள்ஸ் ஃபயர்வால் விதிகள். பெட்டி ஒன்று என்பதற்காக மூவருக்கும் ஒரே பதிலைச் சொன்னால், இருவரையாவது அது சிக்கலில் தள்ளிவிடும். ஆகவே வழிகளைப் பார்க்கும் முன் அளவுகோல்களைப் பேசிவிடுவோம்.

## எதை வைத்து அளப்பது

எனக்கு முதல் அளவுகோல், பழுதானால் அந்தப் பெட்டி எந்தப் பக்கம் சாயும் என்பது. லினக்ஸில் விதிகள் எதுவும் ஏறாமல் போனால், அதன் மையப்பகுதியான கர்னல் எல்லாவற்றையும் அனுமதித்துவிடும். மற்ற மென்பொருள் கெட்டால் நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது; பிரிண்டர் அச்சிடாது, டிவி ஓடாது. ஃபயர்வால் மட்டும் கெட்டுப்போன பிறகும் இணையம் ஒழுங்காகவே வந்துகொண்டிருக்கலாம். இதை முதலில் வைக்காத எந்த ஒப்பீட்டையும் நான் நம்புவதில்லை.

இரண்டாவது, அந்த விதிகளை அடுத்து வாசிக்கப்போவது யார், எங்கிருந்து என்பது. ஃபேர்லேண்ட்ஸ் நண்பரின் பெட்டி அவர் மேசைக்கு அடியில் இருக்கிறது; ஏதாவது தவறிப்போனால் மானிட்டரைச் சொருகிக்கொள்ளலாம். ஏற்காட்டுப் பெட்டிக்குப் போக அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். கோடை விழாக் கூட்டம் இருக்கும் மே மாதத்தில் அந்தப் பயணம் ஒரு முழு நாளைத் தின்றுவிடும். தொலைவிலிருந்து தன்னைத்தானே வெளியே பூட்டிக்கொள்ளும் அபாயம், மலை வீட்டுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு.

மற்றவை சிறியவை: இன்றிரவே இணையம் வேண்டுமா, எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும், இணைய முகவரியின் புதிய முறையான ஐபிவி6 ஒழுங்காகக் கையாளப்படுகிறதா, கையிலிருந்து எவ்வளவு பணம் போகும்.

## முடிவெடுக்கும் முன்: விதிகள்தான் கெட்டனவா?

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அப்கிரேடுக்குப் பின் இணையம் நின்றவுடன் ஃபயர்வாலைக் குறை சொல்வது இயல்பு. பல நேரங்களில் விதிகள் நன்றாகவே இருக்கும். அவற்றைச் சுற்றியுள்ள ஏதோ ஒன்று மாறியிருக்கும்.

டெபியன் 13-இல் அடிக்கடி சிக்கவைப்பது பாக்கெட்டுகளை (இணையத்தில் போகும் தரவுத் துண்டுகளை) ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கடத்தும் அனுமதி. ஐபி ஃபார்வர்டிங்கை இயக்கும் வரியைப் பலரும் எட்சி கோப்புறையில் உள்ள சிஸ்சிடிஎல் கான்ஃப் என்ற ஒற்றைக் கோப்பில் எழுதி வைத்திருப்பார்கள். டெபியன் 13-இல் கணினி தொடங்கும்போது அந்தக் கோப்பு வாசிக்கப்படுவதில்லை. அதே வரியை அதன் அருகில் உள்ள சிஸ்சிடிஎல் டாட் டி கோப்புறைக்குள், கான்ஃப் என்று முடியும் தனிக் கோப்பாக வைக்க வேண்டும். அறிகுறி தெளிவானது: கேட்வேயிலிருந்து வெளி முகவரிக்குப் பிங் போகும், வீட்டுக்குள் இருக்கும் எந்தக் கருவிக்கும் இணையம் வராது. இதற்குப் பெட்டியை மாற்றத் தேவையில்லை, விதியில் ஓர் எழுத்தைக்கூடத் தொடத் தேவையில்லை.

ஐபிவி6 பயன்படுத்துபவர்களுக்கு இதில் ஒரு கிளைச் சிக்கல் உண்டு. ஐபிவி6 ஃபார்வர்டிங்கை இயக்கியவுடன், முகவரியையும் வழியையும் சொல்லி வெளியிலிருந்து வரும் ரூட்டர் அறிவிப்புகளை லினக்ஸ் இயல்பாகவே புறக்கணிக்கத் தொடங்கும். வெளிப் போர்ட்டுக்கு மட்டும் அந்த அறிவிப்பை ஏற்கும் அமைப்பை 2 என்று வைக்க வேண்டும். பழைய கோப்பில் அந்த வரியும் இருந்திருந்தால், இரண்டும் சேர்ந்தே காணாமல் போயிருக்கும்.

இரண்டாவது சந்தேகம் நெட்வொர்க் போர்ட்டின் பெயர் மீது. சில வன்பொருள்களில் டெபியன் 12-இலிருந்து 13-க்குப் போகும்போது போர்ட்டின் பெயர் மாறலாம் என்று டெபியனின் வெளியீட்டுக் குறிப்புகளே எச்சரிக்கின்றன. விதிகள் பழைய பெயரைப் பிடித்துக்கொண்டிருக்கும். பாக்கெட்டுகள் புதிய பெயரில் வந்துகொண்டிருக்கும். எந்த விதியும் பொருந்தாது.

மூன்றாவது, ஒரு சில தளங்கள் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பது. பிபிபிஓஈ இணைப்பு (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் முறை) உள்ளவர்களுக்கு இது நன்றாகப் பழகிய தொல்லை. ஈதர்நெட்டின் 1500 பைட்டில் பிபிபிஓஈ 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் மிஞ்சுவது 1492. டிசிபி இணைப்பின் துண்டு அளவை அதற்கேற்ப, ஐபிவி4-இல் 1452-க்கு, குறைக்கும் விதி அப்கிரேடில் விழுந்துவிட்டால், பெரிய பாக்கெட்டுகள் வழியில் தொலையும். சில தளங்கள் வரும், சில வராது. ஃபயர்வால் தடுத்ததைப் போலவே தோன்றும்.

நான்காவது நிலைதான் என்னைக் கவலைப்படுத்துவது: எல்லாம் வேலை செய்கிறது. ஐபிவி4 விதிகளும் ஐபிவி6 விதிகளும் வேறு வேறு கோப்புகளில் இருப்பதுதான் ஐபிடேபிள்ஸின் பழைய வழக்கம். முதலாவது ஏறி, இரண்டாவதில் ஒரு வரி பிழையாகி ஏறாமல் போனால், வீட்டில் யாருக்கும் எந்தக் குறையும் தெரியாது. ஆனால் வீட்டுக் கருவிகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் மறைக்கும் முகவரி மாற்றம் என்ற திரை ஐபிவி6-இல் வழக்கமாக இல்லை. கேமரா, சேமிப்பகப் பெட்டி, பிரிண்டர் ஒவ்வொன்றுக்கும் உலகம் முழுவதிலிருந்தும் எட்டக்கூடிய முகவரி இருக்கும். அப்கிரேடு முடிந்த அன்று, ஏறியிருக்கும் விதிகள் அனைத்தையும் என்எஃப்டி என்ற ஃபயர்வால் கருவியில் ஒரு முறை பட்டியலிட்டு, ஐபிவி6 பகுதி உண்மையில் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

வெளியிலிருந்து சோதிக்கும்போது ஓர் எச்சரிக்கை. உங்கள் இணையச் சேவையாளர் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்துகொடுப்பவரானால், ஐபிவி4 சோதனை எப்போதும் "மூடியிருக்கிறது" என்றே காட்டும். சோதனை உங்கள் பெட்டிவரை வந்து சேரவே இல்லை. கேட்வேயின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், நீங்கள் அந்த வகைதான். அப்படிப்பட்டவர்கள் கைபேசியின் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில், ஐபிவி6 வழியாகச் சோதித்தால்தான் பொருள் உண்டு.

இவ்வளவும் பார்த்த பிறகும் விதிகள்தான் சிக்கல் என்றால், கீழே உள்ள ஐந்து வழிகள்.

## முதல் வழி: பழைய பதிப்புக்குத் திரும்புவது

அப்கிரேடுக்கு முன் வட்டை முழுதாகப் படியெடுத்து வைத்திருந்தால், இதைப் போல விரைவான வழி வேறு இல்லை. படியைத் திரும்ப இறக்கினால் இன்றிரவே இணையம் வந்துவிடும், விதிகள் நேற்றிருந்தபடியே இருக்கும். மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கூட்டம் வைத்திருப்பவர் இதைச் செய்வதில் எந்தக் குறையும் இல்லை.

படி இல்லாவிட்டால் இந்த வழியும் இல்லை. டெபியனில் தொகுப்புகளைப் பின்னோக்கி இறக்கிப் பழைய பதிப்புக்குப் போவதை அதன் உருவாக்குநர்கள் ஆதரிப்பதில்லை. அப்படி முயன்றால் பாதி புதிது, பாதி பழையது என்ற நிலையில் பெட்டி நிற்கும். அதைச் சீர்செய்வது விதிகளைச் சீர்செய்வதைவிடக் கடினம்.

மறைந்த செலவு, ஒத்திப்போடுதல். டெபியன் 12-க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு என்பதால் அதற்குத் திரும்பியவருக்கு மூச்சுவிட நேரம் இருக்கிறது. டெபியன் 11-க்குத் திரும்பினால் 2026 ஆகஸ்டோடு அந்த ஆதரவு முடிகிறது. இணையத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்கும் பெட்டி, வீட்டிலேயே முதலில் திருத்தம் பெற வேண்டிய பெட்டி. திரும்பிய அன்றே நாள்காட்டியில் அடுத்த முயற்சிக்குத் தேதி குறிக்காவிட்டால், இது பாதுகாப்பை மெல்ல மெல்லக் கைவிடுவதில் போய் முடியும்.

## இரண்டாவது வழி: பழைய விதிகளைப் புதிய அமைப்பில் ஓட்டுவது

கொஞ்சம் பின்னணி வேண்டும். ஐபிடேபிள்ஸ் 2001-இல் லினக்ஸ் 2.4 கர்னலோடு வந்தது. அதன் இடத்தைப் பிடிக்க வந்த என்எஃப்டேபிள்ஸ், 2014 ஜனவரியில் 3.13 கர்னலில் சேர்ந்தது. 2019-இல் டெபியன் 10 வந்தபோது, ஐபிடேபிள்ஸ் என்ற கட்டளையின் பெயர் அப்படியே இருக்க, அது உள்ளே என்எஃப்டேபிள்ஸுக்கு எழுதும் ஒரு மொழிபெயர்ப்பு அடுக்காக மாறியது. உபுண்டுவிலும் 20.10 பதிப்பிலிருந்து அப்படித்தான். எனவே "நான் ஐபிடேபிள்ஸ்தான் பயன்படுத்துகிறேன்" என்று சொல்பவர்களில் பலர், தமக்கே தெரியாமல் புதிய இயந்திரத்தைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இது நல்ல செய்தி. பெரும்பாலான பழைய விதிகள் இந்த அடுக்கின் வழியாக எந்த மாற்றமும் இன்றி ஓடும்.

கெட்ட செய்தி, பழைய இயந்திரமும் லெகசி என்ற பெயரில் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் இயங்க முடியும். ஒரு வாசலில் இரண்டு காவலாளிகள் நிற்பதைப் போன்றது இது: இருவரும் சம்மதித்தால்தான் பாக்கெட் உள்ளே போகும், ஒருவர் மறுத்தாலும் போச்சு. நீங்கள் ஒருவரிடம் பேசித் திறக்கச் சொல்லியிருப்பீர்கள். மற்றவர் அங்கே நிற்பதே உங்களுக்குத் தெரியாது. விதிகளைப் பட்டியலிடும்போது லெகசி அட்டவணைகள் இருப்பதாக ஒரு எச்சரிக்கை வரி வந்தால், அதைக் கடந்து போகாதீர்கள். நான் பார்த்த குழப்பமான பெட்டிகளில் விடை அந்த ஒற்றை வரியில்தான் இருந்தது.

செயலிகளைத் தனித்தனிக் கூடுகளில் ஓட்டும் டாக்கர் என்ற மென்பொருள் உள்ள பெட்டியில் மூன்றாவது கையும் உண்டு. டாக்கர் தன் விதிகளைத் தானே செருகிக்கொள்ளும்; கடந்துபோகும் பாக்கெட்டுகளுக்கான இயல்புநிலையை "மறுப்பு" என்று மாற்றவும் கூடும். அப்கிரேடில் எந்தச் சேவை முதலில் எழும் என்ற வரிசை மாறினாலே, நேற்றுவரை வேலை செய்த கேட்வே இன்று வீட்டாருக்கு இணையம் தராமல் போகலாம். கேட்வேயில் டாக்கர் வைப்பதையே நான் பரிந்துரைப்பதில்லை. கேமரா பதிவு, விளம்பரத் தடுப்பு என்று எதையும் உள்ளே ஒரு தனிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? விதிகள் எளியவையாக இருந்து, மொழிபெயர்ப்பு அடுக்கிலேயே ஓடினால் தாராளமாக ஓடட்டும். முழுக்க லெகசிக்கு மாற்றிக்கொள்வதை ஒரு தற்காலிகப் பாலமாக மட்டுமே ஏற்பேன்.

## மூன்றாவது வழி: என்எஃப்டேபிள்ஸில் புதிதாக எழுதுவது

என் சாய்வை மறைக்கப் போவதில்லை. பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்து, நெட்வொர்க்கைப் புரிந்துகொள்ளும் ஆர்வமும் இருந்தால், இதுதான் சரியான வழி.

முதல் காரணம், ஒரே கோப்பு. ஐநெட் என்ற குடும்பத்தில் எழுதினால் ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் ஒரே விதி பொருந்தும். மேலே சொன்ன "ஒன்று ஏறி, மற்றொன்று ஏறாமல் போவது" என்ற ஆபத்து வேரோடு போய்விடுகிறது. கோப்பு முழுவதும் ஏறும், அல்லது எதுவும் ஏறாது. ஏற்றும் முன் சோதனை முறையில் ஓட்டிப் பிழை இருக்கிறதா என்று பார்க்கும் வசதியும் உண்டு.

இரண்டாவது காரணம் தொழில்நுட்பம் சார்ந்ததன்று. பழைய விதிக் கோப்பைத் திறந்து ஒவ்வொரு வரியாக "இது எதற்கு?" என்று கேட்டுப் பாருங்கள். விற்றுவிட்ட கேமராவுக்குத் திறந்த போர்ட் (வயர் சொருகும் போர்ட் அன்று, வெளியிலிருந்து நுழையும் எண்ணிட்ட வாசல்), பள்ளி முடித்த பிள்ளை விளையாட்டுக்காகத் திறக்கச் சொன்ன போர்ட், விட்டுப்போன அலுவலகத்தின் விபிஎன், எல்லாம் அப்படியே இருக்கும். பழைய விதிகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றித்தரும் கருவி ஐபிடேபிள்ஸ் தொகுப்பிலேயே இருக்கிறது. ஆனால் அது குப்பையையும் பத்திரமாக மொழிபெயர்த்துத் தரும். அதை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டு வெற்றுத் தாளிலிருந்து எழுதுங்கள். சாதாரண வீட்டுக்குத் தேவையான விதிகள் ஒரு பக்கத்தைத் தாண்டாது: ஏற்கெனவே தொடங்கிய இணைப்புகளை அனுமதி, உள்ளிருந்து வெளியே அனுமதி, ஐபிவி6-க்கான ஐசிஎம்பி (கருவிகள் தமக்குள் அனுப்பும் நிலை, பிழை) செய்திகளை அனுமதி, வெளியிலிருந்து வரும் மற்ற அனைத்தையும் மறு, வெளியே போகும்போது முகவரியை மாற்று, பிபிபிஓஈ என்றால் துண்டு அளவைக் குறை.

அந்த ஐசிஎம்பி வரியை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். ஐபிவி4-இல் ஐசிஎம்பியை முழுக்க மூடிவிட்டுப் பலர் தப்பித்துக்கொண்டார்கள். ஐபிவி6-இல் அண்டைக் கருவியைக் கண்டுபிடிப்பதும், பாக்கெட் பெரிதாகிவிட்டது என்று சொல்வதும் அந்தச் செய்திகளின் வழியாகத்தான் நடக்கின்றன. மூடினால் இணைப்பே இல்லாமல் போகும்.

மறைந்த செலவுகளும் இருக்கின்றன. டெபியனில் என்எஃப்டேபிள்ஸ் சேவை தானாக இயக்கப்பட்டிருப்பதில்லை. விதிகளைக் கையால் ஏற்றிச் சோதித்துவிட்டு மகிழ்ச்சியோடு எழுந்துவிட்டால், அடுத்த மின்வெட்டுக்குப் பின் பெட்டி விதிகளே இல்லாமல் எழும். எழுதி முடித்த அன்றே ஒரு முறை ரீபூட் செய்து பார்த்துவிடுங்கள். அடுத்து, கோப்பின் தலையில் உள்ள "எல்லாவற்றையும் துடை" என்ற வரி, டாக்கர் போன்றவை செருகிய விதிகளையும் சேர்த்தே துடைக்கும். பிபிபிஓஈ இணைப்பின் நெட்வொர்க் போர்ட் கணினி எழுந்த பிறகுதான் உருவாகும் என்பதால், அதைக் கர்னல் தரும் உள் எண்ணால் பிடிக்கும் விதி ஏற்றும்போதே தோற்றுவிடும். பெயரால் பிடிக்கும் வடிவத்தைத்தான் எழுத வேண்டும். கடைசியாக, ஒரு சங்கிலியில் (விதிகளின் வரிசையில்) அனுமதி பெற்ற பாக்கெட்டை அதே இடத்தில் பின்னால் வரும் மற்றொரு அட்டவணையின் சங்கிலி மறுத்துவிட முடியும். மறுப்பு மட்டும்தான் இறுதி. ஐபிடேபிள்ஸ் பழக்கத்தோடு வருபவர்கள் இதில் தடுமாறுகிறார்கள்.

தடுமாறும்போது உதவ ஓர் அருமையான வசதி உண்டு. சந்தேகமான பாக்கெட்டுக்கு ஒரு தடக்குறி போட்டுவிட்டால், அது எந்தெந்த விதியைத் தொட்டு, எங்கே விழுந்தது என்று திரையில் வரிசையாகக் காட்டும். ஐபிடேபிள்ஸிலும் இதற்கு வழி இருந்தது, ஆனால் பதிவேடுகளில் தேட வேண்டியிருந்தது.

## நான்காவது வழி: கேட்வேக்கென்றே உள்ள அமைப்புக்கு மாறுவது

இங்கே இரண்டு பெயர்கள்: ஓப்பன்டபிள்யூஆர்டி, ஓபிஎன்சென்ஸ்.

ஓப்பன்டபிள்யூஆர்டி சிறு ரூட்டர்களுக்காகப் பிறந்த லினக்ஸ். உங்களிடம் இருக்கும் சிறு கணினியிலும் ஓடும். 2022-இல் வந்த 22.03 பதிப்பிலேயே அது என்எஃப்டேபிள்ஸுக்கு மாறிவிட்டது. மண்டலம், அனுமதி, மறுப்பு என்று உலாவியிலேயே பார்த்து மாற்றலாம். ஏற்காட்டுக்காரருக்கு முக்கியமான ஒன்று: உலாவியில் ஒரு மாற்றத்தைச் சேமித்த பின், குறிப்பிட்ட நேரத்துக்குள் அதனோடு மீண்டும் தொடர்புகொள்ள முடியாவிட்டால், அது தானே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும். அமைப்புகள் அனைத்தையும் ஒரு சிறு கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

அப்கிரேடு தொல்லை இங்கே இல்லையா என்றால், இருக்கிறது. 2021-இன் 21.02 பதிப்பில் சுவிட்ச் போர்ட்டுகளைக் கையாளும் முறை மாறியதால், பல கருவிகளில் பழைய நெட்வொர்க் அமைப்பைக் கொண்டுபோக முடியாமல் போனது. 22.03-க்கு வந்தபோது, தனியாக எழுதி வைத்த ஐபிடேபிள்ஸ் ஸ்கிரிப்டுகள் தாமாக ஓடாமல் நின்றன. வழக்கமான அப்கிரேடில் அமைப்புகள் தங்கும். நீங்கள் கூடுதலாக நிறுவிய தொகுப்புகள் தங்காது. வயர்கார்டு என்ற விபிஎன் வழியாக மலைப் பெட்டிக்குள் நுழைபவர், அந்தத் தொகுப்பு இல்லாத பதிப்பை ஏற்றிவிட்டால் வெளியே நிற்க வேண்டியதுதான். தொகுப்பையும் உள்ளே சேர்த்து இமேஜை (ஏற்ற வேண்டிய முழுக் கோப்பை) கட்டிக்கொண்டு பிறகு ஏற்றுங்கள்.

ஓபிஎன்சென்ஸ் வேறு குலம். ஃப்ரீபிஎஸ்டி என்ற அடித்தளமும் பிஎஃப் என்ற ஃபயர்வாலும் கொண்டது. 2015-இல் பிஎஃப்சென்ஸிலிருந்து பிரிந்து வந்தது. ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகள். எல்லா அமைப்பும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில். திரை அழகானது, பதிவேடுகளை நேரலையில் காட்டும், எந்த விதி எந்த பாக்கெட்டை மறுத்தது என்று வீட்டில் உள்ள வேறொருவருக்கும் காட்டிப் புரியவைக்கலாம். செலவு என்னவென்றால், 64 பிட் கணினி வேண்டும், நினைவகம் தாராளமாக வேண்டும், வைஃபைக்குத் தனிக் கருவி வேண்டும். ரியல்டெக் நெட்வொர்க் சில்லு உள்ள மலிவான பெட்டிகளில் தொல்லை கேட்டிருக்கிறேன். இன்டெல் சில்லுதான் நிம்மதி. உங்கள் ஐபிடேபிள்ஸ் அறிவு இங்கே நேரடியாக உதவாது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

## ஐந்தாவது வழி: சேவையாளரின் பெட்டியே போதும்

இதைச் சொல்ல வெட்கப்படத் தேவையில்லை. வீட்டில் போர்ட் எதையும் திறக்கவில்லை, விபிஎன் இல்லை, தனிப்பட்ட பிரிவுகள் இல்லை என்றால், ஃபைபரோடு வந்த பெட்டியை ரூட்டர் முறையில் விட்டுவிட்டு கேட்வேயை எடுத்துவிடலாம். வெளியிலிருந்து வருவதை மறுத்தல் என்ற அடிப்படை வேலையை அது செய்யும். கெட்டால் கேபிள்காரர் வந்து மாற்றித் தருவார்.

மறைந்த செலவு இரண்டு. அதன் மென்பொருளைத் திருத்துவது உங்கள் கையில் இல்லை. பல பெட்டிகளைச் சேவையாளரே தொலைவிலிருந்து நிர்வகிப்பார். ஐபிவி6 ஃபயர்வாலை உண்மையில் இயக்கியிருக்கிறார்களா என்பதையும் பெட்டிக்குப் பெட்டி சோதித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சொந்த கேட்வேயை வைத்துக்கொண்டே அந்தப் பெட்டியையும் ரூட்டர் முறையில் விடுபவர்கள் முகவரியை இரண்டு முறை மாற்றுகிறார்கள். அதைவிடச் சேவையாளரிடம் பிரிட்ஜ் முறை (முகவரியை மாற்றாமல் இணைப்பை அப்படியே கடத்துவது) கேட்டு வாங்குவது மேல்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | இணையம் திரும்ப ஆகும் நேரம் | கெட்டால் சாயும் பக்கம் | மறைந்த செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| பழைய பதிப்பு | படி இருந்தால் உடனே | நேற்றிருந்தபடி | திருத்தங்கள் நிற்கும் நாள் | நாளைக் காலை வேலை இருப்பவர் |
| பழைய விதிகள், புதிய அமைப்பு | சில மணி நேரம் | ஐபிவி6 சத்தமின்றித் திறந்து கிடக்கலாம் | இரண்டு இயந்திரங்களின் மோதல் | எளிய விதிகள், குறுகிய காலம் |
| என்எஃப்டேபிள்ஸ் | ஒரு வார இறுதி | ஐபிவி4, ஐபிவி6 இரண்டுக்கும் ஒரே முடிவு | கற்கும் உழைப்பு, சேவையை இயக்க மறத்தல் | பெட்டி அருகில், ஆர்வம் கையில் |
| ஓப்பன்டபிள்யூஆர்டி | ஒரு நாள் | இயல்பிலேயே மூடியது | தொகுப்புகள் அப்கிரேடில் போகும் | தொலைவில் உள்ள வீடு |
| ஓபிஎன்சென்ஸ் | ஒரு வார இறுதி | இயல்பிலேயே மூடியது | வன்பொருள், தனி வைஃபை, புதிய மொழி | பல பிரிவுகள் உள்ள வீடு, சிறு அலுவலகம் |
| சேவையாளர் பெட்டி | ஒரு மணி நேரம் | பெட்டியைப் பொறுத்தது | கட்டுப்பாடு இல்லாமை | போர்ட் எதுவும் தேவைப்படாத வீடு |

## அப்படியானால் யாருக்கு எது

ஃபேர்லேண்ட்ஸ் நண்பருக்கு: இன்றிரவு பழைய படிக்குத் திரும்புங்கள், வரும் வார இறுதியில் என்எஃப்டேபிள்ஸில் எழுதுங்கள். இரண்டையும் சேர்த்தே ஒரு வழியாகக் கொள்ளுங்கள்.

அம்மாப்பேட்டைத் தறிக்கூடத்துக்கு நான் கேட்வேயின் கேள்வியையே மாற்றிக் கேட்பேன். கேமராவுக்காக வெளியே போர்ட் திறந்து வைத்திருப்பதுதான் அங்கே உண்மையான ஆபத்து. மூன்றாவது வழியானாலும் நான்காவதானாலும், முதலில் அந்தப் போர்ட்டை மூடிவிட்டு, வயர்கார்டு வழியாகக் கைபேசியை உள்ளே கொண்டுவாருங்கள். கேமராக்களைத் தனிப் பிரிவில் போட்டு, அவை தாமாக இணையத்துக்குப் போவதையும் தடுத்துவிடுங்கள். இதைச் செய்ய ஓபிஎன்சென்ஸ் எளிது. தறிக்கூடத்தில் கணக்கு பார்க்கும் தம்பிகூடத் திரையைப் பார்த்துப் புரிந்துகொள்வார்.

ஏற்காட்டுக்கு ஓப்பன்டபிள்யூஆர்டிதான் என் தேர்வு. பொது முகவரி பகிரப்படும் இணைப்பானால் சேலத்திலிருந்து மலைப் பெட்டியை ஐபிவி4 வழியாக அழைக்க முடியாது. மலைப் பெட்டிதான் வெளியே அழைக்க வேண்டும். வயர்கார்டில் 25 விநாடிக்கு ஒரு முறை உயிர்த்துடிப்பு அனுப்பும் அமைப்பை இயக்கி, அஸ்தம்பட்டி வீட்டின் ஐபிவி6 முகவரிக்கோ வாடகைக்கு எடுத்த சிறு சர்வருக்கோ அதை இணைத்து வையுங்கள்.

மாறும்வரை டெபியனையே தொலைவிலிருந்து திருத்தியாக வேண்டும் என்றால், புதிய விதியை ஏற்றும் முன் ஐந்து நிமிடத்தில் பழைய விதிக் கோப்பைத் திரும்ப ஏற்றும் ஒரு டைமரைத் தொடங்கிவிடுங்கள். விதி ஏறிய பின் திரை இன்னும் உயிரோடு இருப்பதைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். அந்த இணைப்பு "ஏற்கெனவே தொடங்கியது" என்ற விதியின் தயவில் ஓடிக்கொண்டிருக்கும், புதிய இணைப்புக்குக் கதவு மூடியிருக்கலாம். இரண்டாவது சாளரத்தில் புதிதாக உள்ளே நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் டைமரை நிறுத்துங்கள். முடியாவிட்டால் எதையும் தொடாமல் ஐந்து நிமிடம் காத்திருங்கள். தோட்ட வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம், கேட்வேயிலிருந்து எந்த வயரைப் பிடுங்கிச் சேவையாளர் பெட்டியில் எந்தத் துளையில் சொருகினால் இணையம் வரும் என்பதை, வயரில் வண்ண நாடா ஒட்டி, இப்போதே காட்டி வையுங்கள். அந்தப் பெட்டி பிரிட்ஜ் முறையில் இருந்தால் இது வேலை செய்யாது. அப்போது ரூட்டர் முறையில் அமைத்த உதிரி ரூட்டர் ஒன்றைப் பிபிபிஓஈ பயனர்பெயர், கடவுச்சொல்லோடு அலமாரியில் தயாராக வைக்க வேண்டும்.